ஒற்றை விசில்

திண்டிவனத்திலிருந்து விடியற்காலை ஐந்து பத்துக்குக் கிளம்பும் டவுன் பஸ்ஸில் அன்றைக்கு மூன்றே பேர். டிரைவர் மாயவன், கண்டக்டர் வெற்றிவேல், அப்புறம் சவுரிராயன். முதல் இருவருக்கும் அந்த நேரத்தில் எழுந்து வரச் சம்பளம் உண்டு. சவுரிராயனுக்கு அதுவும் கிடையாது. ரிட்டயரான கண்டக்டர் என்பதற்காகக் கொடுத்த இலவச பாஸ் மட்டும் உண்டு. முப்பத்தோரு வருஷம் தோல் பை தொங்கிய உடம்பில் இப்போது பைனாகுலர் தொங்கியது. ஐந்து பத்து வண்டிக்கு எழுந்திருக்க வேண்டாமே என்பதற்காகவே ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ணிய மனுஷன், ரிட்டயரானபின் அதே வண்டிக்கு அலாரம் வைத்து ஓடி வருகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நல்லவேளையாக வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை.

“இன்னாண்ணா, இன்னிக்கும் குருவியா?” என்று வெற்றிவேல் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

“ஆமாம்பா.”

“ஒண்ணும் கவலப்படாத. மலையடி ஸ்டாப்பிங்ல நான் விசில வாயிலயே வெக்க மாட்டேன். வாயாலயே ‘போலாம்’னு சொல்லிடறேன்.”

“கிண்டல் பண்றியா?”

“பயம்ணா! போன வருசம் நான் ஊதுன ரெண்டு ஊதுக்குப் பதினோரு பேரு பைனாகுலர தூக்கி என்னப் பாத்தாங்க. என் பொண்டாட்டி கூட என்ன அவ்ளோ ஆசையாப் பாத்ததில்ல.”

முன்னாலிருந்து மாயவன் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். சவுரிராயனும் சிரித்தார். இந்தக் கதைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது என்று அவர் போன வருஷமே முடிவெடுத்திருந்தார். அடி விழும்போது நாமும் சேர்ந்து கை தட்டினால், அடிக்கிறவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

கதை இதுதான். ரிட்டயரான புதிதில் டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார். ஏரிக்கரையில் நடந்தபோது, கழுத்தில் பைனாகுலரோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். விழுப்புரத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கும் அறிவுச்செல்வன் நடத்தும் பறவை பார்க்கும் குழு. பேச ஆள் கிடைக்கும் என்று சவுரிராயன் அதில் சேர்ந்தார். பறவை பார்ப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்பது சேர்ந்தபிறகுதான் தெரிந்தது. அதற்குள் பைனாகுலர் வாங்கிவிட்டார்.

குழுவில் ஆளுக்கொரு ஆசைப் பறவை. சவுரிராயனுக்கு வாய்த்தது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்து கிளம்பி, ராத்திரி ராத்திரியாகப் பறந்து, மழைக்காலம் தொடங்கும்போது நம் பக்கம் வந்து இறங்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளையும் குரல் கொடுக்கும். நேரத்துக்கு வந்து நேரத்துக்குக் குரல் கொடுக்கிற ஒரு ஜீவன் மேல் ஒரு கண்டக்டருக்கு மரியாதை வருவது இயற்கைதான். அதன் குரல் இரண்டு விசில். முதல் விசில் மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும்.

போன அக்டோபரில் மயிலம் மலையடிக் காட்டில் சவுரிராயன் அந்த இரண்டு விசிலைக் கேட்டார். இரண்டு நாள் தொடர்ந்து கேட்டார். “ஆறுமணிக்குருவி! மயிலம்!” என்று குழுவில் போட்டார். மறுநாள் புதுச்சேரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மூன்று காரில் பதினோரு பேர் வந்து, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்தார்கள். சரியாக இரண்டு விசில் கேட்டது. பதினோரு பைனாகுலரும் ஒன்றாக உயர்ந்தன. புளியமரத்துக்குப் பின்னாலிருந்து டவுன் பஸ் நகர்ந்து வந்தது. படிக்கட்டில் வெற்றிவேல், வாயில் விசில்.

முப்பத்தோரு வருஷம் அதே விசிலை ஊதியவருக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போகும்? எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சவுரிராயனுக்கு அதற்குப் பதில் உண்டு, ஆனால் யாரும் பதிலுக்காகக் கேட்கவில்லை. கண்டக்டருக்குத் தன் விசில் உள்ளேயிருந்துதான் கேட்கும், பல்லுக்கும் காதுக்கும் நடுவே எங்கோ. பஸ் நிலையத்தில் அடுத்தவன் ஊதுவது அந்த இரைச்சலில் ஒரு கணக்கா? ஆளில்லாத காட்டில், பனி இறங்கும் நேரத்தில், தூரத்தில் நின்றுகொண்டு ஒரு நாளும் அவர் அதைக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்? அவர் ஊதினால் வண்டி போகும். வண்டியோடு அவரும் போய்விடுவார்.

அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் ‘ரைட் ரைட் சார்’. வாலாட்டியைப் பார்த்தேன் என்று எழுதினால்கூட யாராவது கீழே ஒரு பஸ் படம் போடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் காரில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா சார் என்று கேட்பதும் நின்றுபோனது. பறவைக் கணக்கு ஏற்றும் ஆப்பில் ‘எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள்’ என்று ஒரு கேள்வி வரும். சவுரிராயன் ஒரு வருஷமாக அதில் ‘1’ என்றே அழுத்தி வந்தார். வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் அதே எண்ணிக்கைதான்.

மனைவி ஜெயம் பெங்களூருவில் இருந்தாள். மகள் அஸ்வினிக்குப் பிரசவம் என்று போன வருஷம் ஜூன் மாதம், மூன்று மாதத்துக்கு என்று சொல்லிப் போனவள். டிக்கெட் எடுத்த ஸ்டாப்பிங் தாண்டிப் பதிமூன்று மாதம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? மகளுக்கு வேலை, மருமகனுக்கு வேலை, குழந்தைக்கு ஆள் வேண்டும். சவுரிராயனும் போய்ப் பதினோரு நாள் இருந்து பார்த்தார். பதினாலாவது மாடி. ஹாலில் சோபாவில் படுக்கை. மருமகன் ராத்திரி தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் “சாரி மாமா” என்பான். இவர் “பரவால்ல மாப்ள” என்பார். இப்படி ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டே இருக்க முடியாமல், வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாமல் கிடந்தால் துரு ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். வீட்டில் இருப்பது கைப்பம்பு.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஜெயத்தின் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். போன வருஷம் கைக்குழந்தை என்று வர முடியவில்லை. இந்த வருஷம் கட்டாயம் வர்றேன் என்று சொல்லியிருந்தாள். இன்னும் ஏழு நாள் இருந்தது. வருவது உறுதிதானா என்று கேட்கச் சவுரிராயனுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அதனால் தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்: இந்த வாரத்துக்குள் ஆறுமணிக்குருவி வந்தால் ஜெயமும் வருவாள். அறுபத்திரண்டு வயசில் இப்படிப் பந்தயம் கட்டுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தினம் ஐந்து பத்து வண்டியைப் பிடித்தார்.

மலையடி ஸ்டாப்பிங்கில் அவர் இறங்கியதும் வெற்றிவேல் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். “போலாம் மாயவண்ணா!” என்று கத்தினான். விசிலைவிட அதுதான் அதிகச் சத்தம். புளியமரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின. வண்டியும் போயிற்று.

முந்தைய நாள் மழையில் மண் இளகியிருந்தது. ஒரு பக்கம் கடலை பிடுங்கி முடித்த மல்லாட்டைக் கொல்லை. மறுபக்கம், சாலையை ஒட்டியே காரைப் புதரும் ஆவாரையும் அடர்ந்த சரிவு. மேலே கோவில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. சவுரிராயன் புதர் ஓரமாக ஒரு கல்லில் பாலிதீன் பையைப் போட்டு உட்கார்ந்தார். வெளுக்க வெளுக்கப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்தன. கரண்ட் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக. வேலி மேல் ஒரு கீச்சான், வடக்கேயிருந்து வந்த களைப்பில் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தது. அடுத்தாற்போல் ஒரு மாங்குயில், பழுத்த மஞ்சளாக, ஒரு நிமிஷம் தெரிந்து மறைந்தது.

“பாரேன்” என்றார் சவுரிராயன், மெதுவாக. பக்கத்தில் ஒரு கல்தான் இருந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அந்த இரண்டு விசில் கேட்டது. முதல் விசில் மேலே ஏறியது, இரண்டாவது கீழே இறங்கியது.

“சத்தியம் பண்ணிட்டு ஊதறான் பாரு, படவா” என்றார் சவுரிராயன்.

பிறகுதான் யோசித்தார். வெற்றிவேல் போய் இருபது நிமிஷம் ஆகிறது. வண்டி கடைசி ஊருக்குப் போய்த் திரும்பி வர ஆறே முக்கால் ஆகும். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மறுபடி இரண்டு விசில். இந்தத் தடவை அது சாலையிலிருந்து வரவில்லை. இடது பக்கம், ஒரு பத்தடி தள்ளி, தரையிலிருந்து வந்தது.

கழுத்தை மட்டும் திருப்பினார். காரைப் புதருக்கு அடியில், ஈரச் சருகில், அது நின்றுகொண்டிருந்தது. பச்சை முதுகு. இறக்கையில் யாரோ நீல மை தொட்டு வைத்ததுபோல் ஒரு துண்டு. கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. வயிற்றுக்குக் கீழே நல்ல சிவப்பு. வால் மட்டும் துணி போதாமல் தையல்காரன் பாதியில் விட்டதுபோல் குட்டையாக. ஒரு சருகைத் தூக்கிப் போட்டது, கீழே பார்த்தது, அடுத்த சருகைத் தூக்கியது. சீட்டுக்கு அடியில் விழுந்த சில்லறையைத் தேடும் கண்டக்டர் அப்படித்தான் தேடுவான். அறுபது கிராம்கூட இருக்காது. அது இமயமலையிலிருந்து வந்திருக்கிறது.

சவுரிராயனுக்குக் கண் கலங்கி பைனாகுலர் மங்கிவிட்டது. துடைத்துவிட்டு போனை எடுத்துப் படம் பிடித்தார். படத்தில் புதர் நன்றாக விழுந்தது. குருவி இருந்த இடத்தில் ஒரு கறை. இதைக் குழுவில் போட்டால் எத்தனை பஸ் படம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்ன? பந்தயம் குழுவோடு அல்லவே. ஜெயத்துக்குப் போன் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தாள். “யோவ், மூணு மணிலேருந்து முழிச்சிக்கினு இருந்துட்டு பாப்பா இப்பதான் தூங்குது. இன்னா?” கிசுகிசுப்பாகப் பேசினாள்.

“ஜெயம்…” குருவி பறந்துவிடுமே என்று இவரும் கிசுகிசுத்தார்.

“நீ ஏன்யா குசுகுசுன்னு பேசற? இன்னா ஆச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“இல்லடி. குருவி வந்துகீது.”

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் கிசுகிசுத்துப் பேசிக்கொண்டதே இல்லை. ஜெயம் தெருவில் கறிகாய் விலை கேட்டால் அடுத்த தெருக்காரி பதில் சொல்வாள். இவர் டிக்கெட் டிக்கெட் என்று கத்திக் கத்தித் தொண்டை அகலமானவர். இப்போது குழந்தைக்குப் பயந்து ஒருத்தி, குருவிக்குப் பயந்து ஒருத்தர், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு காதுக்குள் பேசிக்கொண்டார்கள்.

“எந்தக் குருவி?”

“அதான், நான் சொல்லிக்கினே இருப்பேனே. இமயமலையிலேருந்து வரும்னு. இரு, கேளு.”

போனைப் புதர் பக்கம் நீட்டினார். குருவியும் மானத்தைக் காப்பாற்றியது. ஏற்றி ஒன்று, இறக்கி ஒன்று, நல்ல சத்தமாக.

“யோவ்!” என்றாள் ஜெயம், கிசுகிசுப்பை மறந்து. “அந்த விசில இன்னும் தூக்கிப் போடலியா நீ? காலங்காத்தால போன் போட்டு ஊதிக் காட்றியா?”

“நான் ஊதலடி! அது குருவி!”

“உன் ஊது எனக்குத் தெரியாதா? நம்ம தெரு முனையில வண்டி திரும்பசொல்ல நீ ஊதுவ பாரு, ஏத்தி ஒண்ணு, எறக்கி ஒண்ணு, அதக் கேட்டுத்தான நான் சோறே வடிப்பேன். குருவியாம் குருவி.” பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. “போச்சு, எழுப்பி உட்டுட்ட. சரியான பேஜாருய்யா உன்னோட.”

இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்க முடியாது. “கல்லறைத் திருநாளுக்கு…” என்று ஆரம்பித்தார்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன்.” அவள் குரல் இறங்கியது. “அந்த வாரம் அஸ்வினிக்கு ஆபீசுல இன்னாவோ ரிலீசாம். மாப்ளயும் ஊர்ல இல்ல. கிறிஸ்மசுக்குப் பாக்கலாம்யா. நீயே போயி எங்கம்மாவுக்கு ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சி, வத்தி ஏத்திட்டு வந்துடு. மஞ்ச சாமந்தி வாங்கு. ரோஜா வாங்காத, அதுக்குப் புடிக்காது.”

“சரி.”

“கோச்சிக்கினியா?”

“சேச்சே.”

“வெறும் வயித்துல சக்கர மாத்திர போடாத.” அழுகை பக்கத்தில் வந்தது. “வெச்சிடறேன்யா.”

சவுரிராயன் போனைச் சட்டைப் பையில் போட்டார். குருவி வந்துவிட்டது, ஜெயம் வரவில்லை. பந்தயம் தோற்றுப்போனது. தன்னோடு தானே கட்டிய பந்தயம் என்பதால் வெளியே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம். இமயமலையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு வழி கண்டுபிடித்து வருகிறது ஒரு ஜீவன், படிப்பறிவு கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது. பெங்களூருவிலிருந்து திண்டிவனத்துக்கு விடிய விடிய பஸ் இருக்கிறது. இதை நினைத்துக் கோபப்பட முயன்று பார்த்தார். கோபம் வரவில்லை. பசிதான் வந்தது.

ஆறே முக்காலுக்கு வண்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை உள்ளே கூட்டம். கட்டடவேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், தூங்கி வழியும் காலேஜ் பிள்ளைகள். வண்டி நின்ற இடத்தில் டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே காரைப் புதர். சவுரிராயன் சுற்றிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய் ஒரு காலை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து, ஏற்றி ஒன்று, இறக்கி ஒன்று.

மாயவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

சவுரிராயன் பின்னால் துள்ளி மல்லாட்டைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்தார். “யோவ் நிறுத்து, நிறுத்து! ஆள் ஏறல!” என்று வெற்றிவேல் கத்த, வண்டி இருபதடி போய் நின்றது. மாயவன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“ரைட் குடுத்துட்டு நிறுத்துன்னா இன்னாடா அர்த்தம்?”

“நான் எங்கண்ணா குடுத்தேன்? விசில் பையில கீது பாரு!”

“அப்ப ஊதுனது யாரு?”

மாயவன் வரப்பில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். “உன் டபுள் விசில்தான்யா கேட்டுச்சு, கண்டக்டரே. மொதல்ல இழுப்ப, ரெண்டாவத எறக்குவ. ஆறு வருசம் உன்கூட ஓட்னவன் நானு. நீ ரிட்டயர்டுன்றதே மறந்து போயி கைதானா கியர் போட்டுச்சு.”

“அது குருவி, மாயவா” என்றார் சவுரிராயன், மண்ணைத் தட்டிக்கொண்டு. “ஆறுமணிக்குருவி. வா, காட்றேன். அங்கதான் கீது, அந்தப் புதர்ல. ஒரு நிமிசம்.”

“குருவி ரைட் குடுக்குதா?” என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். “அப்ப இந்தக் கண்டக்டர் எதுக்கு?” வண்டியே சிரித்தது. போன வருஷம்போல் இவரும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். மறந்துபோனார்.

“டைம் ஆயிடிச்சுய்யா, ஏறு. ஜல்தி” என்றார் மாயவன்.

“ஒரே நிமிசம். எறங்கி வந்து பாத்துட்டுப் போயேன்.”

மாயவன் மணியைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். இறங்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்ததுபோல்தான் இருந்தது. “நாளைக்குப் பாக்கலாம்யா” என்றார்.

“சரி, நீங்க போங்க. நான் அடுத்த வண்டில வர்றேன்.”

“அடுத்தது ஏழே முக்கால்ணா” என்றான் வெற்றிவேல். தயங்கி நின்றான். பிறகு வாயாலேயே, மெதுவாக, “போலாம்” என்றான்.

வண்டி மறைந்ததும் சவுரிராயன் பழைய கல்லுக்கே போனார். ஆப்பைத் திறந்தார். பறவை: ஆறுமணிக்குருவி. எண்ணிக்கை: ஒன்று. எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள்? விரல் அங்கே நின்றது. கேட்டவர்கள் என்றால் ஒரு வண்டி ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஜெயமும் மாயவனும் கேட்டது இவரைத்தான். போன வருஷம் இவர் விசிலைக் குருவி என்றார். இந்த வருஷம் ஊரே குருவியை இவர் என்கிறது. குருவியைக் குருவி என்று கேட்க ஒருத்தரும் இல்லை. ‘1’ என்று அழுத்தினார்.

போனைச் சட்டைப் பையில் வைக்கப் போனவர் கை பாஸுக்குப் பின்னாலிருந்த விசிலில் பட்டது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஜெயத்திடம் சொல்லியிருந்த அதே விசில். பிறகு மறுபடியும் ஜெயத்துக்குப் போன் போட்டார்.

“இன்னாய்யா மறுபடியும்?” குழந்தை இடுப்பில் இருந்து அழுதுகொண்டிருந்தது.

கேட்க வேண்டியது எல்லாம் வரிசையாக நெஞ்சில் இருந்தது. விசிலைப் பல்லில் வைத்து ஊதினார். ஒன்றே ஒன்று, நீளமாக.

இரண்டு விசில் என்றால் போகலாம். ஒரு விசில் என்றால் நிறுத்து, ஆள் இறங்கணும். டிரைவருக்கு மட்டுமல்ல, கண்டக்டர் பெண்டாட்டிக்கும் அது தெரியும்.

புதருக்குள் சருகுச் சத்தம் சட்டென்று நின்றது. குருவிக்கும் சட்டம் தெரிந்திருந்தது போல. போனில் குழந்தையின் அழுகையும் நின்றது. ஒரு விக்கல். அப்புறம் கிளுகிளுவென்று சிரித்தது.

ஜெயம் சிரிக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“யோவ்” என்றாள் கடைசியில். “பாப்பா சிரிக்குதுய்யா. இன்னொரு தபா ஊது.”

சவுரிராயன் விசிலைப் பல்லில் வைத்தார். ஊதப் போனவர் நிறுத்திக்கொண்டார். இப்போதே ஊதினால் முன்னதோடு சேர்ந்து இரண்டாகிவிடும். இரண்டானால் ரைட். அது கூடாது.

“ஊதுய்யா” என்றாள் ஜெயம்.

அவர் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். பத்து வந்தது. போதாது என்று தோன்றியது. இருபது வரை எண்ணி முடித்து, முந்தையதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று உறுதியானபின், மறுபடி ஒரே ஒரு விசில் ஊதினார்.